ஒரு வீட்டுக்கு இரண்டு பெட்டிகள் ஏன்?

போன மாதம் எங்கள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் கதவைத் தட்டினார். "சார், புது ரூட்டர் வாங்கி மோடத்தோடு இணைத்தேன். விளக்கெல்லாம் எரிகிறது. நெட் மட்டும் வரவில்லை" என்றார். போய்ப் பார்த்தேன். இரண்டு பெட்டிகளுமே தன் எண் 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டிருந்தன. இந்தச் சிக்கலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

மோடம் தொலைபேசிக் காலத்துப் பிள்ளை. கணினியின் எண்களைக் கம்பியில் போகும் சைகையாக மாற்றி, மறுமுனையில் மீண்டும் எண்களாக்குவது அதன் வேலை. நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையத்தை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டயல் செய்து இணைந்தால், நெட் ஓடும்வரை வீட்டு போன் கிடைக்காது. ஒரு மோடம், ஒரு கணினி, ஒரு முகவரி. கணக்கு நேராக இருந்தது.

கணினிகள் பெருகியதும் முகவரிப் பஞ்சம் வந்தது. அந்த முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். எனவே வெளியே வீட்டுக்கு ஒரே முகவரி, உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் என்ற வழியை 1994-ல் முன்வைத்தார்கள். 1996-ல் 192.168 என்று தொடங்கும் எண்களையும் வேறு சில தொகுதிகளையும் உள் உபயோகத்துக்கென ஒதுக்கினார்கள்.

நம் குடியிருப்பில் 101-ஆம் எண் வீடு இருக்கிறது; பக்கத்துக் குடியிருப்பிலும் இருக்கிறது. குழப்பம் வருவதில்லை. கூரியர்காரருக்கு வாசல் முகவரி போதும், உள்ளே யாருக்கு என்பதை வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார். அந்த வாட்ச்மேன்தான் ரூட்டர்.

வைஃபை வந்த வழி வேறு. அது வானொலி அலை. சில அலைவரிசைகளில் இத்தகைய கருவிகளை உரிமமின்றி இயக்க அமெரிக்கா 1985-ல் அனுமதித்தது. 1997-ல் வைஃபைக்குப் பொதுத் தரம் வந்தது. இந்தியாவில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் தொடங்கியது 2005 ஜனவரியில். அதே மாதம் 28-ஆம் தேதி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று அரசு அறிவித்தது. கம்பியும் அலையும் நம் வீட்டு வரவேற்பறையில் சந்தித்தது இப்படித்தான்.

சுவரைத் தாண்டிப் போகும் அலைக்கு ஒரு விலையும் இருந்தது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிய போலீஸ், நவி மும்பையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே குடியிருந்தவருக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை. பூட்டப்படாத அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் விசாரணை நின்றது அவர் வாசலில்தான். வெளியே தெரிவது அந்த ஒரே முகவரி அல்லவா?

இனி தம்பியின் வீட்டுக்கு வருவோம். இப்போது இணைய நிறுவனம் தரும் பெட்டியிலேயே மோடம், ரூட்டர் இரண்டும் இருக்கின்றன. அதன்மேல் இன்னொரு ரூட்டரை இணைத்தால் ஒரே வாசலில் இரண்டு வாட்ச்மேன்கள். பழைய பெட்டியிலிருந்து வரும் கேபிளைப் புது ரூட்டரில் தனியாக இருக்கும் 'வேன்' போர்ட்டில் செருகி, அதன் எண்ணை 192.168.2.1 என்று மாற்றினேன். நெட் வந்துவிட்டது.

தம்பி நன்றி சொல்லி எழுந்தார். உட்காரச் சொல்லி, இரண்டு பெட்டிகளின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தேன்; வைஃபைக்கும் நீளமான புது பாஸ்வேர்டு போட வைத்தேன். கேஷ் பெட்டிச் சாவியை மேசைமேல் போட்டுவிட்டு ஒருநாளும் சாப்பிடப் போகாதவன் நான்.

உங்கள் வீட்டிலும் இன்றே பார்த்துவிடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் மாலை 5 மணிக்கு மேல் வாருங்கள்; காபியோடு சொல்லித் தருகிறேன்.