கொள்ளை நோயும் எல்லைத் தடையும்: உமர் (ரலி) அவர்கள் முதல் கொரோனா வரை

 



2020-ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று, பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் இந்திய மண்ணில் இறங்குவது தடை செய்யப்பட்டது. வழக்கமான விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது 2022 மார்ச் 27-இல்தான். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில், வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிழைப்புக்காகச் சென்றிருந்த நம்மவர் பட்ட பாட்டை இங்கு விவரிக்கத் தேவையில்லை. பெற்றவரின் ஜனாஸாவைக் கைப்பேசியில் கண்டு கண்ணீர் வடித்தவர்கள் எத்தனை பேர்! ஊர் வந்து சேர்ந்த பின்னும் வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் விடுதி அறையில் நாட்களை எண்ணியவர்கள் எத்தனை பேர்!

அந்நாட்களில் மக்கள் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுந்தன. அல்லாஹ் விதித்தபடியே எல்லாம் நடக்கும் என்று நம்புகிற நாம், இத்தகைய தடைகளுக்குக் கட்டுப்படுவது முறைதானா? கட்டுப்பட வேண்டுமெனில், அந்தத் தடையை விதிப்பவருக்கும் கடமை ஏதும் உண்டா? இவ்விரண்டுக்கும் வரலாறு தெளிவான விடையை வைத்திருக்கிறது.

ஸர்கில் நடந்த ஆலோசனை

ஹிஜ்ரி 18 (கி.பி. 639) வாக்கில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். ஹிஜாஸுக்கும் ஷாமுக்கும் இடையிலுள்ள ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, படைத்தளபதி அபூஉபைதா (ரலி) அவர்களும் மற்றத் தளபதிகளும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தியைத் தெரிவித்தார்கள். ஃபலஸ்தீனின் அம்வாஸ் என்னும் ஊரின் பெயரால் வரலாற்றில் அறியப்படும் நோய் அது.

உமர் (ரலி) அவர்கள் உடனே தாமாக முடிவெடுத்துவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள், கருத்து வேறுபட்டது. பிறகு அன்ஸாரிகளை அழைத்தார்கள். அவர்களும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இறுதியில் மக்கா வெற்றியின் காலத்தில் ஹிஜ்ரத் செய்த குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். அவர்கள் அனைவரும் ஒருமித்து, மக்களை நோயின் வாயில் கொண்டு செலுத்தாமல் திரும்பிவிடுங்கள் என்றனர். திரும்புவதென முடிவாயிற்று.

அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை. அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று வினவினார்கள். ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் கலீஃபா விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படியே மேய்க்கிறோம் என்று உவமை கூறியும் விளக்கினார்கள். அவ்வேளையில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அங்கு வந்து, நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் நேரில் கேட்டதை எடுத்துரைத்தார்கள். கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் வெளியிலுள்ளவர் நுழையலாகாது. உள்ளிருப்பவர் அதற்கு அஞ்சி வெளியேறவும் கூடாது என்பதே அதன் சாரம். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு மதீனா திரும்பினார்கள்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தத் தடையால் முதலில் திருப்பி அனுப்பப்பட்டவர் யாரோ ஓர் ஏழை வழிப்போக்கர் அல்லர். பேரரசின் தலைவரே திரும்பிச் சென்றார். மறுபுறம், அபூஉபைதா (ரலி) அவர்களை எப்படியாவது அங்கிருந்து வரவழைத்துவிட உமர் (ரலி) அவர்கள் கடிதம் எழுதினார்கள். தம் வீரர்களை விட்டுத் தாம் மட்டும் தப்பிச் செல்ல அபூஉபைதா (ரலி) அவர்கள் விரும்பவில்லை. அந்நோயிலேயே அவர்கள் மறைந்தார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் மறைந்தார்கள். நுழையாதே என்ற கட்டளைக்குக் கலீஃபா பணிந்தார். வெளியேறாதே என்ற கட்டளைக்குத் தளபதி உயிரையே கொடுத்தார்.

நாற்பது நாள் காவல்

நோய் பரவிய இடத்திலிருந்து வருவோரைச் சில நாட்கள் தனியே நிறுத்திவைக்கும் முறையை ஐரோப்பியத் துறைமுகங்கள் பின்னர் சட்டமாக்கின. இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூஸா நகரம் 1377-இல் முப்பது நாள் காவலை விதித்தது. நாளடைவில் அது நாற்பதாயிற்று. நாற்பது என்பதற்கான இத்தாலியச் சொல்லிலிருந்தே குவாரண்டைன் என்ற பெயர் பிறந்தது. அரபியில் இத்தகைய நிலையத்தை மஹ்ஜர் என்பர்.

1865-ஆம் ஆண்டு ஹஜ்

நீராவிக் கப்பல்கள் வந்த பின் ஹாஜிகளின் எண்ணிக்கை பெருகியது. நோயும் அதே கப்பல்களில் ஏறிக்கொண்டது. 1865-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவியது. அவ்வாண்டு கூடிய ஏறத்தாழ 90,000 ஹாஜிகளில் 15,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது அக்காலத்து மதிப்பீடு. திரும்பிய ஹாஜிகள் கப்பலில் சூயஸுக்கும், அங்கிருந்து புகைவண்டியில் அலெக்சாந்திரியாவுக்கும் சென்றனர். நோய் மத்தியதரைக் கடலைத் தாண்டி ஐரோப்பாவிற்குள் புகுந்து, அடுத்த ஆண்டில் அமெரிக்கா வரை சென்றது.

சூயஸ் வந்த கப்பலின் தலைவர் வழியில் நேர்ந்த மரணங்களின் உண்மையை மறைத்ததாக அக்காலத்துப் பதிவுகள் கூறுகின்றன. உண்மையைச் சொன்னால் கப்பல் நிறுத்தப்படும், வருமானம் போகும் என்ற அச்சமே இத்தகைய மறைப்புகளுக்குக் காரணம். ஆயினும் உலகின் பழி விழுந்தது கப்பல் முதலாளிகள் மீதன்று. அளவுக்கு மீறி அடைக்கப்பட்ட மேல்தட்டில் படுத்து வந்த ஏழை ஹாஜிகள் மீதே விழுந்தது.

1866-இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் இஸ்தான்பூலில் கூடி, இந்தியாவில் தோன்றும் காலரா ஹாஜிகள் வழியாகவே மேற்கே பரவுகிறது என்று முடிவு கூறினர். செங்கடலின் இரு முனைகளிலும் காவல் நிலையங்கள் எழுந்தன. வடக்கே ஸீனாய் கரையில் தூர். தெற்கே யமன் கரைக்கு அப்பால் கமரான் தீவு.

கமரான் தீவு

கமரான் நிலையத்தை உஸ்மானிய அரசு 1882-இல் திறந்தது. இந்தியா, மலேயா, ஜாவா ஆகிய நாடுகளிலிருந்து வரும் ஹஜ் கப்பல்கள் யாவும் அங்கு நின்றே ஜித்தா செல்ல வேண்டும். பம்பாயில் கப்பலேறிய நம் நாட்டு ஹாஜிகளும், பினாங்கு வழியே சென்ற நம்மவரும் மிதித்தாக வேண்டிய மணல் தீவு அது. படகுகளில் கரையிறக்கப்பட்ட ஹாஜிகள் குளிக்க வைக்கப்படுவர். அவர்தம் ஆடைகள் நீராவி இயந்திரத்தில் வேகவைக்கப்படும். பிறகு குடிசைகளில் பல நாட்கள் காவல். இடையில் ஒருவருக்கு நோய் கண்டால் நாட்கள் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படும். இவ்வளவுக்கும் ஹாஜிகளே கட்டணம் செலுத்த வேண்டும். உணவையும் அங்கேயே விலை கொடுத்து வாங்க வேண்டும்.

காலராவின் கிருமியை ராபர்ட் காக் உறுதிப்படுத்தியது 1884-இல்தான். அசுத்த நீரே அந்நோயைப் பரப்புகிறது என்பதை லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1854-லேயே சுட்டிக்காட்டியிருந்தார். அந்த உண்மையை உலகம் ஏற்கத் தயங்கியது. ஹாஜிகளுக்கு வேண்டியிருந்தது நல்ல குடிநீரும், கப்பலில் மூச்சுவிட இடமும், நாடறிந்த மொழியில் நாலு வார்த்தை விளக்கமும். கிடைத்ததோ கட்டணச் சீட்டும் நீராவிப் பெட்டியும். இது நோயைத் தடுக்க வந்த ஏற்பாடா, பணம் பறிக்க வந்த ஏற்பாடா என்று மக்கள் ஐயுற்றனர். ஐயம் பிறந்த இடத்தில் மறைப்பும் பிறந்தது. நோயுற்றவரை நலமுடையவர் போல் காட்டினர். காவலின் நோக்கமே பாழாயிற்று.

இந்த ஐயம் கொடிய விளைவையும் தந்தது. ஹாஜிகளின் நலம் பேண இந்திய அரசால் அனுப்பப்பட்டு, ஜித்தாவில் பிரிட்டிஷ் துணைத் தூதராகவும் இருந்தவர் மருத்துவர் அப்துர் ரஸ்ஸாக். ஹாஜிகளோடு ஹாஜியாகப் பயணம் செய்து, அவர்களின் துன்பங்களை அறிக்கையாக எழுதியவர். 1895-இல் ஜித்தாவுக்கு வெளியே தூதர்கள் மீது நடந்த தாக்குதலில் அவர் கொல்லப்பட்டார். நீராவி இயந்திரங்கள் மீதிருந்த வெறுப்பும் அக்கால வன்செயல்களுக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. அவ்வியந்திரங்களும் அந்நாட்களிலேயே உடைக்கப்பட்டன. மக்களுக்கு உதவ வந்த மருத்துவரே மக்களின் ஐயத்திற்குப் பலியானார்.

இரண்டாண்டில் பம்பாயில் பிளேக் பெருகியது. 1897-இல் கொள்ளை நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டு பம்பாயிலிருந்து ஹஜ் பயணமும் நிறுத்தப்பட்டது. 2020-இல் நம் நாட்டில் கட்டுப்பாடுகளுக்கு அடிப்படையாக எடுத்தாளப்பட்டதும் அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டமே.

நம் கடற்கரையிலும் இத்தகைய காவல் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்ப, இலங்கை அரசு இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் முகாம் நடத்தியது. மண்டபம் கேம்ப் என்ற ஊர்ப் பெயரில் அந்த வரலாறு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கமரான் நிலையம் 1952 வரை நீடித்தது. 1956-இல் ஜித்தாவில் சவூதி அரசு தனக்கெனத் தனிமைப்படுத்தும் நிலையத்தைத் திறந்தது. அதையொட்டி ஹாஜிகளுக்கென்றே இருந்த தனி விதிகளை உலக சுகாதார நிறுவனம் நீக்கியது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஹாஜியும் மற்றப் பயணிகளைப் போன்ற ஒரு பயணியானார்.

கொரோனா காலம்

2020 பிப்ரவரி 27 அன்று, வெளிநாட்டவரின் உம்ரா பயணத்தைச் சவூதி அரசு நிறுத்தியது. அவ்வாண்டு ஹஜ், நாட்டினுள் வசிப்போரில் ஏறத்தாழ ஆயிரம் பேருடன் மட்டும் நடைபெற்றது. அவர்களுள் 70 விழுக்காட்டினர் அங்கு வாழும் வெளிநாட்டவர். 30 விழுக்காட்டினர் சவூதியின் மருத்துவ, பாதுகாப்புப் பணியாளர்கள் என அறிவிக்கப்பட்டது. ஹஜ்ஜுக்கு முன்னும் பின்னும் அவர்கள் தனிமையில் வைக்கப்பட்டனர். 2021-இல் தடுப்பூசி போட்ட 60,000 பேர். 2022-இல் வெளிநாட்டவர் உட்படப் பத்து இலட்சம் பேர் வரை அனுமதி. 2023-இல் வயது, எண்ணிக்கை வரம்புகள் நீங்கி 18 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். படிப்படியாகக் கதவு திறந்தது.

நம் நாட்டில் 2020 மே 7 முதல் சிறப்பு விமானங்கள் வந்தன. மே 24-இல் வெளியான விதிப்படி, வருவோர் ஏழு நாள் தம் செலவில் குறிப்பிட்ட இடத்திலும், ஏழு நாள் வீட்டிலும் தனித்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள், குடும்பத்தில் மரணம் நேர்ந்தவர்கள், கடும் நோயாளிகள், பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோர் ஆகியோர் பதினான்கு நாளையும் வீட்டிலேயே கழிக்க அனுமதி இருந்தது. இது மனிதாபிமானமான சலுகை. ஆனால் வேலையிழந்து, பயணச்சீட்டுக்கே கடன் வாங்கி வந்த தொழிலாளியிடம் தங்குமிடத்திற்கும் பணம் கேட்டபோது, கமரானின் கட்டணச் சீட்டு நினைவுக்கு வராமல் போகாது.

பழி சுமத்தும் வழக்கமும் திரும்பி வந்தது. 1865-இல் ஹாஜிகள் மீது விழுந்தது போலவே, 2020-இல் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தப்லீக் ஜமாஅத்தினர் மீது விழுந்தது. அவர்களில் 29 பேர் மீதான வழக்குகளைப் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டில் ரத்து செய்து, அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது.

நாம் பெறும் படிப்பினை

ஆக, தடை விதிப்பது மார்க்கத்திற்கு முரணானதன்று. ஆனால் அது இருபுறமும் அமானத்தாகும். விதிப்பவர் உயர்ந்தோருக்கும் தாழ்ந்தோருக்கும் ஒரே அளவாக விதிக்க வேண்டும். ஏழையின் மடியில் சுமையை ஏற்றக் கூடாது. காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

பயணியின் அமானத் உண்மை பேசுவது. 1987-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மூளைக்காய்ச்சல் பரவிய பின்பே, அதற்கான தடுப்பூசி ஹாஜிகளுக்குக் கட்டாயமாயிற்று. ஊசி போடாமலேயே சான்றிதழ் மட்டும் பெற்றுக்கொள்வதைச் சிலர் சாமர்த்தியமாக எண்ணுகின்றனர். காய்ச்சலை மாத்திரையால் அடக்கிவிட்டு விமான நிலையச் சோதனையைத் தாண்டுவதையும் அவ்வாறே எண்ணுகின்றனர். இஹ்ராம் கட்டிய நிலையில் ஒரு பூச்சிக்கும் தீங்கு செய்யத் தயங்குபவர், பக்கத்தில் நிற்கும் முதிய ஹாஜிக்கு நோயைக் கொடுக்கத் துணியலாமா? அநியாயமான விதியை எதிர்த்துக் குரல் கொடுப்பது வேறு; பொய்ச் சான்றிதழால் அதைக் கடப்பது வேறு. பின்னதற்கு மார்க்கத்தில் இடமில்லை.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி உண்டு. தொழுநோயுற்ற ஒரு பெண்மணி கஃபாவைத் தவாஃப் செய்வதைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், பிறருக்குத் துன்பம் நேராதபடி வீட்டிலேயே இருந்துகொள்ளுமாறு அவரிடம் கேட்டுக்கொண்டார்கள். அவரும் அவ்வாறே இருந்தார். பின்னர் ஒருவர் அவரிடம், தடுத்தவர் இறந்துவிட்டார், இனி நீ வெளியே வரலாம் என்றார். உயிரோடிருக்கும்போது கீழ்ப்படிந்துவிட்டு, இறந்த பின் மாறுசெய்பவள் நான் அல்லள் என்று அப்பெண்மணி மறுத்துவிட்டார்.

அவர் வாசலில் காவலர் எவரும் இல்லை. கட்டணமும் இல்லை, தண்டமும் இல்லை. கண்ணியமாகச் சொல்லப்பட்ட சொல்லும், அதை அமானத்தாக ஏற்ற உள்ளமும் இருந்தன. அடுத்த கொள்ளை நோய் எப்போது வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அது வரும் நாளில், அந்தப் பெண்மணியின் உள்ளம் நம்மிடமும், உமர் (ரலி) அவர்களின் நீதி நம்மை ஆள்வோரிடமும் இருக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! கொரோனா காலத்தில் நம்மைப் பிரிந்த நம் ஜமாஅத்தார் அனைவரின் பிழைகளையும் பொறுத்து, அவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!