பேச்சைக் கேட்கலை, நம்பரைத்தான் குறிச்சோம்!

டெலிபோனை ஒட்டுக்கேட்கணும்னா போலீஸ் முதல்ல கோர்ட்டுக்குப் போகணும். அமெரிக்காவில் 1967-ல் வந்த காட்ஸ் வழக்குத் தீர்ப்பு சொன்னது இது. சரி, பேச்சைக் கேட்காம, எந்த நம்பருக்கு டயல் பண்றாங்கன்னு மட்டும் குறிச்சுக்கிட்டா? அதுக்கும் வாரண்ட் வேணுமா?

இதுக்குப் பதில் சொன்னது ஒரு சாதாரண வழிப்பறி கேஸ்.

1976 மார்ச், பால்டிமோர். ஒரு பெண்மணியிடம் ஒருத்தன் கொள்ளையடிச்சுட்டான். ஆளோட அடையாளத்தையும், அங்கே பார்த்த மாண்டி கார்லோ காரையும் அவங்க போலீஸ்ல சொன்னாங்க. அதுக்கப்புறம், "கொள்ளையடிச்சது நான்தான்"னு மிரட்டல் போன்! ஒரு தடவை அவன் வாசலுக்கு வரச் சொல்ல, வந்து பார்த்தா அதே கார் வீட்டு முன்னாடி மெதுவா ஊர்ந்து போகுது.

போலீஸ் காரின் நம்பர் பிளேட்டை வைத்து ஸ்மித் என்பவரைக் கண்டுபிடித்தது. மறுநாளே டெலிபோன் கம்பெனியிடம் சொல்லி, எக்ஸ்சேஞ்சில் அவர் லைனில் 'பென் ரெஜிஸ்டர்' மாட்டச் சொன்னார்கள். கோர்ட்டு உத்தரவு எதுவும் வாங்கவில்லை. அன்றைக்கே ஸ்மித் வீட்டிலிருந்து அந்தப் பெண்மணிக்குப் போன் போனது பதிவாச்சு. ஆள் உள்ளே.

பென் ரெஜிஸ்டர் ரொம்ப சிம்பிளான கருவி. பழைய சுழல் டயலில் 5-ஐச் சுத்தினா லைனில் 5 துடிப்பு போகும். அதை எண்ணிக் குறிச்சு வைக்கும், அவ்வளவுதான். பேச்சு பதிவாகாது. எதிர்முனையில் போனை எடுத்தாங்களான்னுகூடத் தெரியாது.

1979-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று போலீஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. நீதிபதி பிளாக்மன் சொன்ன காரணம்: டயல் பண்ணும்போது நம்பரை நீங்களாகவே கம்பெனிக்குக் கொடுக்கறீங்க. அந்தக் காலத்தில் ஆபரேட்டரிடம் சொன்னீங்க, இப்ப மெஷினிடம் சொல்றீங்க. கொடுத்த பிறகு அதில் என்ன ரகசியம்? நீதிபதி மார்ஷல் ஒத்துக்கலை. போனே இல்லாம வாழ முடியாதவனிடம் 'நீயாத்தானே கொடுத்தே'ன்னு சொல்றது நியாயமான்னு கேட்டார்.

1986-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பென் ரெஜிஸ்டருக்கும் கோர்ட்டு உத்தரவு அவசியம் என்றது. ஆனால் அரசு வக்கீல் 'விசாரணைக்குத் தேவை'ன்னு உறுதிமொழி கொடுத்தாலே நீதிபதி கையெழுத்துப் போட்டாகணும். ரப்பர் ஸ்டாம்ப்தான்!

இதில் எனக்கு உறுத்துவது ஒண்ணுதான். ஸ்மித் கேஸில் அடையாளம், கார், மிரட்டல் எல்லாமே கையில் இருந்தது. கேட்டிருந்தால் எந்த நீதிபதியும் வாரண்ட் கொடுத்திருப்பார்னுதான் நினைக்கிறேன். போலீஸ் அந்த ஒரு நடையை மிச்சம் பிடிச்சதில் பிறந்த தீர்ப்பு, ஒரு லைனோட நிக்கலை. கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் அழைப்பு விவரங்களை மொத்தமா அள்ளின திட்டம் 2013-ல் ஸ்னோடன் மூலம் வெளியே வந்தப்ப, அரசு சாக்காகக் காட்டினது இதே ஸ்மித் தீர்ப்பைத்தான்.

2018-ல் கார்ப்பென்டர் வழக்கில் கோர்ட்டு கொஞ்சம் பிரேக் போட்டது. 127 நாளில் ஒருத்தர் செல்போன் இருந்த இடங்கள் 12,898 புள்ளிகளா போலீஸ் கைக்குப் போயிருந்தது. இதுக்கு வாரண்ட் வேணும்னு 5-க்கு 4-ல் தீர்ப்பு. ஆனால் ஸ்மித் தீர்ப்பை ரத்து பண்ணலை.

நள்ளிரவில் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு ஒருத்தர் போன் பண்றார்னு வைங்க. என்ன பேசினார்னு கேட்டாத்தான் தெரியுமா என்ன?