மதுவை நிறுத்திய முதல் 72 மணி நேரம்: செவிலியர் கவனிப்பு உயிர் காப்பது எப்படி?

புதுதில்லி: பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிக அளவில் மது அருந்தியவர், அதைத் திடீரென நிறுத்தினால் அவரது உயிருக்கே ஆபத்து நேரிடலாம். அறையில் அடைத்து வைத்தால் பழக்கம் தானாகவே விட்டுவிடும் என்று சில குடும்பங்கள் நம்புகின்றன. மருத்துவக் கண்காணிப்பு மிகவும் தேவைப்படும் நாட்களும் அவையே.

சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைப்பொருள் சார்பு சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019-ஆம் ஆண்டு வெளியானது. அதன்படி, நாட்டில் சுமார் 2.9 கோடி பேர் மதுவுக்கு அடிமையாகியுள்ளனர். அவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றுள்ளார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர் மட்டுமே.

உடலில் நிகழ்வது என்ன?

மது, மூளையின் செயல்பாட்டை மந்தமாக்குகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியை அதிகரித்துக் கொள்கிறது. மது திடீரென நின்றதும் அந்தக் கிளர்ச்சி கட்டுப்பாடின்றி வெளிப்படுகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் ஆகியவை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். அதன்பின் சிலருக்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' எனப்படும் கடும் மனக்குழப்பம் ஏற்படும். இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். காய்ச்சலும் இரத்த அழுத்தமும் உயரும். சிகிச்சை கிடைக்காவிட்டால் இந்நிலை மரணத்தில் முடியலாம்.

முதல் கேள்வி

எலும்பு முறிவுக்கோ வயிற்று வலிக்கோ அனுமதிக்கப்படும் நோயாளி, தனது குடிப்பழக்கத்தை வெட்கத்தால் மறைப்பதுண்டு. இரண்டாம் நாள் அவர் பிதற்றத் தொடங்கும்போதுதான் உண்மை தெரியவரும். எனவே கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், முன்பு வலிப்பு வந்ததுண்டா என்பதைச் செவிலியர் குற்றஞ்சாட்டும் தொனியின்றித் தனிமையில் கேட்டறிவது அவசியம்.

அளவீடும் மருந்தும்

நடுக்கம், வியர்வை, பதற்றம் உள்ளிட்ட 10 கூறுகளை மதிப்பிடும் 'சிவா-ஏஆர்' அளவுகோலைச் செவிலியர்கள் பயன்படுத்துகின்றனர். இதன் உச்ச மதிப்பெண் 67. மதிப்பெண் உயர்ந்தால் மருத்துவருக்கு உடனே தகவல் அளிக்கப்படுகிறது. பென்சோடயசிபைன் வகை மருந்துகளின் அளவை மருத்துவர் அதற்கேற்ப முடிவு செய்கிறார். மருந்து கொடுத்த பின் நோயாளியின் சுவாசமும் விழிப்பு நிலையும் கண்காணிக்கப்படுகின்றன.

நீண்டகாலக் குடியால் தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்திருக்கும். அந்நிலையில் தயமின் இன்றிக் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மூளையைத் தாக்கும் வெர்னிக்கே நோய் தீவிரமடையக்கூடும். ஆகவே தயமின் முதலில் அல்லது குளுக்கோஸுடன் அளிக்கப்பட்டதா என்பதைச் செவிலியர் உறுதிசெய்கிறார்.

கட்டிவைப்பது தீர்வல்ல

குழப்பத்தில் உள்ளவருக்கு மிதமான வெளிச்சமும் அமைதியான சூழலும் தேவை. இது எந்த இடம், இன்று என்ன நாள் என்று அவருக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்ட வேண்டும். மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே உடல் கட்டுப்பாட்டை அது அனுமதிக்கிறது.

ஓபியாய்டு அடிமைகளின் நிலை

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளை நிறுத்தும்போது ஏற்படும் உபாதை மிகக் கொடியது. ஆயினும் அது உயிரைப் பறிப்பது அரிது. ஆபத்து அதன் பின்னரே காத்திருக்கிறது. சில வாரங்கள் நிறுத்தியதும் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. பழைய அளவையே மீண்டும் எடுத்துக்கொண்டால் சுவாசம் நின்றுபோகலாம். வீடு திரும்பும் நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் இதைத் தெளிவாக எடுத்துரைப்பது செவிலியரின் முக்கியப் பணியாகும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

மருத்துவமனையில் குடிப்பழக்கத்தை மறைக்கக் கூடாது. வலிப்பு, பிதற்றல், கடும் காய்ச்சல் தென்பட்டால் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணையும் அழைக்கலாம்.