அடுக்களைக் கல்வி

உணவு சுவையாக அமைந்துவிட்டால், ‘நளபாகம்’ என்கிறோம், ‘வீமபாகம்’ என்கிறோம். நளன் நிடத நாட்டு மன்னன்; வீமன் பாண்டவருள் ஒருவன். இருவரும் ஆடவர், இருவரும் அரச குலத்தவர். ஆனால், காலையும் மாலையும் அடுப்பு மூட்டி, தலைமுறை தலைமுறையாக நம்மை உண்பித்து வளர்த்தவர்கள் யார்? நம் அன்னையரும் பாட்டிமாரும் அல்லரோ? அவர்கள் பெயரால் ஒரு பாகமும் வழங்கவில்லை. அவர்கள் இக்கலையை யாரிடம் கற்றனர்? எந்த ஏட்டைப் பார்த்துக் கற்றனர்? மாணவ நண்பர்களே, இந்த வினாக்களையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சமையலுக்கு ஏடு இல்லாமல் இல்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஒய்மா நாட்டு நல்லியக்கோடன் அளிக்கும் விருந்தைப் பாடும்போது, வீமன் இயற்றிய மடைநூலின் நெறி தவறாது சமைத்த உணவு என்று அதனைச் சிறப்பிக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் அரண்மனை உணவு வகைகள் விரித்துரைக்கப்படுகின்றன. தஞ்சையில் சரபோசி மன்னரின் அடுக்களை முறைகளும் மராத்தி மொழியில் எழுதி வைக்கப்பட்டன; அச்சுவடி சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு, சரபேந்திர பாகசாத்திரம் என்ற பெயரால் அச்சேறியது. கோயில்களோ உணவைக் கல்லிலேயே எழுதி வைத்தன. வரகுண பாண்டியன் காலத்து அம்பாசமுத்திரம் கல்வெட்டு, இறைவனுக்குப் படைக்கும் அமுதுக்கு அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், கறி முதலியவை எவ்வளவு வேண்டும் என்பதை அளவிட்டுக் கூறுகிறது.

அரண்மனைக்கு ஏடு இருந்தது. கோயிலுக்குக் கல் இருந்தது. வீட்டுக்கு எது இருந்தது?

இதற்கு விடை தேடினால், குறுந்தொகையின் 167-ஆம் பாடல் நமக்குத் துணை செய்கிறது. பாடியவர் கூடலூர் கிழார். புதிதாக இல்லறம் தொடங்கிய தலைவி ஒருத்தி, தன் கையாலேயே தயிரைப் பிசைந்து, தாளிப்புப் புகை கண்ணில் படிய, புளிக்குழம்பு ஆக்கிக் கணவனுக்குப் படைக்கிறாள். அவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் வெளியே தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. இக்காட்சியைக் கண்டு வந்து சொல்பவள் யார் தெரியுமா? அவளை வளர்த்த செவிலித்தாய். கேட்பவள் பெற்ற தாய். மகள் அடுப்பினருகே கற்றது செவிலியிடமும் தாயிடமுமே என்று ஊகிப்பது தவறாகாது. அவ்வாறாயின், மாணவியின் தேர்வைக் கண்டு மகிழ்ந்து திரும்பிய ஆசிரியையின் சொல் அன்றோ அது!

சிலப்பதிகாரத்திலும் இதன் சாயல் உண்டு. கண்ணகி இல்லறம் நடத்தும் சிறப்பைக் காண விரும்பிய கோவலனின் தாய், மணமக்களைத் தனி மனையில் குடிவைக்கிறாள். அங்குப் பெற்ற பயிற்சி எங்கே பயன்பட்டது? மதுரையில், மாதரி கொடுத்த அரிசியையும் காய்களையும் கொண்டு கண்ணகி சமைத்த அந்த ஒரு வேளை உணவில் பயன்பட்டது. காய் அரிந்த விரல் சிவந்தது, முகம் வியர்த்தது, கண் சிவந்தது. கோவலன் உண்ட கடைசி உணவு அது. இல்லத்துச் சமையலின் இனிமையை மட்டுமன்றி, அதற்குப் பெண்கள் கொடுத்த விலையையும் நம் புலவர்கள் மறவாது பாடினர்.

இக்கல்விக்குத் தொடக்கப் பள்ளி விளையாட்டுத்தான். சிற்றில் இழைத்து, மணலைச் சோறாக்கிச் சிறுசோறு அட்டு விளையாடினர் பழந்தமிழ்ச் சிறுமியர். ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து ஆக்கும் கூட்டாஞ்சோறு அதன் அடுத்த வகுப்பு. பின்னர் அம்மியும் ஆட்டுக்கல்லும். அதன் பின்னரே அடுப்பு. அங்கே நிறைகோலும் இல்லை, கடிகாரமும் இல்லை. கண்ணும் காதும் மூக்கும் விரலுமே அளவுகோல்கள். கடுகு வெடித்து அடங்கும் ஓசை கேட்டால் அடுத்த பொருளை இடவேண்டும். புளியின் பச்சை வாசனை போனால் குழம்பு கொதித்தது போதும். விளிம்பில் நுரை கூடினால் இரசத்தை இறக்க வேண்டும். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சுகையில், ஒரு துளியை நீரில் விட்டால் அது கரையாமல் விரலுக்கு உருண்டு வரவேண்டும். இவற்றையெல்லாம் ‘பதம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கினர். பதத்தைச் சொல்லிக் கொடுக்க இயலாது. அருகில் நின்று கண்டறிய வேண்டும். ஆகவேதான் இதற்குக் ‘கைப்பக்குவம்’ என்று பெயர்.

இக்கல்வியின் வலிமை எதுவோ, அதுவே அதன் குறையும் ஆயிற்று. அருகில் நிற்க ஆள் இல்லாதபோது சங்கிலி அறுந்துவிடும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதுவே நிகழ்ந்தது. உத்தியோகம் பார்க்கும் கணவருடன் இளம் பெண்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இரயிலேறினர். மாமியாரோ பாட்டியோ அருகில் இல்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கையில் ஐயம் தோன்றினால் கடிதம்தான் எழுதவேண்டும்!

அத்தகைய கடிதங்களுக்கு விடை எழுதியவருள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த எஸ். மீனாட்சி அம்மாள். 1905-இல் பிறந்த அவர், இளமையிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பைத் தாங்கியவர், சமையலில் கைதேர்ந்தவர். உறவினர் பலரும் அவரிடம் செய்முறை கேட்டு எழுதிய வண்ணம் இருந்தனர். இவற்றையெல்லாம் ஒரு நூலாக்கலாமே என்று அவருடைய உறவினர் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்குவித்தார். அதன் பயனாக 1951-இல் வெளிவந்ததே ‘சமைத்துப் பார்’. பின்னர் அது மூன்று பாகங்களாக விரிந்தது, ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. ஆசிரியர் 1962-இல் மறைந்தார், நூல் மறையவில்லை. மணமகளுக்குக் கொடுத்தனுப்பும் சீர்வரிசைகளுள் ஒன்றாகவும் அது இடம்பெற்றது.

அவர் செய்த புதுமை யாது? புதிய உணவைப் படைத்ததன்று. கையளவை ஏட்டளவாக்கியதே அவர் செய்த அரும்பணி. ‘கொஞ்சம்’, ‘வேண்டிய மட்டும்’ என்று வழங்கியவற்றுக்கு இத்தனை ஆழாக்கு என்று கணக்குக் கொடுத்தார். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை இன்றைய மாணவர் அறிந்திருக்கமாட்டீர். 1958-ஆம் ஆண்டு முதல் தசம எடைமுறை படிப்படியாக வந்து, ஆழாக்கையும் பலத்தையும் கடைத்தெருவிலிருந்து விலக்கிவிட்டது.

அளவும் விளக்கமும் எத்துணை இன்றியமையாதவை என்பதை நான் பட்டு அறிந்தேன். கல்லூரி நாளில் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது, மோர்க்குழம்பு வைக்கும் முறையை எழுதுமாறு அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். துவரம்பருப்பு, தேங்காய், மிளகாய், சீரகம் எல்லாவற்றையும் அரைத்து, புளித்த மோரில் கலந்து, வெந்த பூசணிக்காயுடன் சேர்த்து, ‘பொங்கி வரும்போது இறக்கிவிடு’ என்று எழுதியிருந்தார். நன்றாகப் பொங்கட்டும் என்று கொதிக்க விட்டேன். நீர் வேறு, திப்பி வேறு என்று மோர் திரிந்துபோயிற்று. சூடு மிகுந்தால் மோரின் புரதம் திரண்டு நீரை விட்டுப் பிரியும்; அரைத்த பருப்பும் தேங்காயும் ஓரளவுக்கே அதனைத் தாங்கும். நுரை எழும் கணத்தில் இறக்க வேண்டும் என்பது அம்மாவுக்குக் கை அறிந்த உண்மை. எனவே, அதனை எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மோர்க்குழம்பு பின்னர்க் கைவந்தது. கைவராத ஒன்றும் உண்டு. என் பாட்டியார் கற்சட்டியில் சுண்டைக்காய் வற்றற்குழம்பு வைப்பார். மூன்றாம் நாளும் அதன் சுவை கூடுமே அன்றிக் குறையாது. இறக்கும் தறுவாயில், இரும்புச் சட்டியில் எதையோ கருக வறுத்து, பொடித்துத் தூவுவார். அப்போது வீடெங்கும் ஒரு மணம் எழும். அருகில் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்த நான், அந்த மணத்தை அறிவேன், பொருளை அறியேன். ஒரு நாளேனும் கேட்டேனா? இல்லை. பிற்காலத்தில் அம்மாவைக் கேட்டேன். “எனக்கும் தெரியாதப்பா, அவர் இருக்கிறாரே என்று நானும் கேட்கவில்லை” என்றார். அரிசியா, வெந்தயமா, இரண்டுமா என்று பலமுறை வறுத்துப் பார்த்தேன். அந்த மணம் வரவில்லை. எழுதப்படாத ஒரு நூல் அவரோடு எரிந்தது என்றே எண்ணுகிறேன்.

மாணவ நண்பர்களே, வரலாறு என்றால் கோட்டையும் கொடியும் மட்டும் அல்ல. உங்கள் வீட்டு அடுக்களையிலும் அது கொதித்துக்கொண்டிருக்கிறது. மாணவரும் மாணவியரும் ஒப்ப, இந்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் பாட்டியாரின் அருகில் அமருங்கள். ‘கொஞ்சம்’ என்று அவர் சொன்னால், அந்தக் கைப்பிடியை வாங்கி அளந்து எழுதுங்கள். ஏன் இப்போது இறக்கினீர்கள் என்று கேளுங்கள். பின்னர் நீங்களே சமைத்து, அவரை உண்ணச் செய்யுங்கள். பிழையை அவர் திருத்தட்டும். ஏட்டின் தலைப்பில் நளன் பெயரும் வேண்டா, வீமன் பெயரும் வேண்டா. அவர் பெயரையே எழுதுங்கள்.