எஞ்சினும் வேகனும்: நாஞ்சில் நாட்டு மேசைமேல் ஓர் ஒப்பாய்வு

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை ரயில்பாதை ஏறத்தாழ 87 கிலோமீட்டர். மாதிரி ரயில் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் கையாளும் எச்ஓ-ஸ்கேல், அசலில் 87இல் ஒரு பங்கு. ஆக, இந்தப் பாதை முழுவதையும் எச்ஓ-ஸ்கேலில் போட்டால் ஒரு கிலோமீட்டர் வரும். அதற்கு அடுத்தபடி பரவலான என்-ஸ்கேல் 160இல் ஒரு பங்கு; அதில் போட்டாலும் 540 மீட்டருக்குக் குறையாது. நாகர்கோவிலின் வடசேரியிலோ கோட்டாறிலோ வீட்டு மச்சில் பன்னிரண்டடி மேசை போட்டு உட்காருகிறவரால் எல்லாவற்றையும் வைக்க முடியாது. எதை வைப்பது, எதை விடுவது என்று முதல் நாளே முடிவெடுத்தாக வேண்டும். அந்த இடத்தில் சேகரிப்பாளர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார் எஞ்சின் சேர்க்கிறார்கள். இன்னொரு சாரார் சரக்கு வேகன் சேர்க்கிறார்கள். இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாஞ்சில் நாட்டை மேசைமேல் கொண்டுவர நினைப்பவர் வேகனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எஞ்சின் பக்கத்து நியாயம் லேசானதல்ல. திருநெல்வேலிக்கு மீட்டர் கேஜ் வண்டி 1876இலேயே வந்துவிட்டது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அது இந்தப் பக்கம் வரவேயில்லை. நூறு ஆண்டுக்கும் மேலாகக் காத்திருந்த பிறகு, 1979 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தது. 1981 ஏப்ரலில் நாகர்கோவில்–திருநெல்வேலி பாதையும் சேர்ந்தது. கன்னியாகுமரி மாவட்டம் கண்ட முதல் தண்டவாளமே பிராட்கேஜ்தான். அந்த வருடங்களில் இங்கே சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு ரயில் என்பது அப்பா அம்மாவிடம் கேட்ட கதை அல்ல, தாங்களே முதன்முதலாகப் போய்ப் பார்த்த அதிசயம். அன்றைய பிராட்கேஜ் டீசல் எஞ்சின் என்றால் பெரும்பாலும் டபிள்யூ.டி.எம்.2. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்து 1962இல் முதல் எஞ்சின்களை அனுப்பியது. 1964 முதல் வாரணாசியில் கட்டத் தொடங்கினார்கள். கிளம்பும்போது கரும்புகை கக்கி, நிற்கும்போதும் நிலம் அதிர உறுமும் அந்த எஞ்சினை நினைவில் வைத்திருப்பவர், கையில் காசு சேர்ந்ததும் தேடிப்போவது அதன் மாதிரியைத்தான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் எஞ்சினுக்கு ஊர் உண்டு. அது எந்தப் பராமரிப்பு ஷெட்டைச் சேர்ந்ததோ அந்தப் பெயர் அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும்: பொன்மலை, எர்ணாகுளம், ஈரோடு, அரக்கோணம், ராயபுரம். ஷெட்டுக்கு ஷெட் வண்ணம் மாறும். ஒரே வகை எஞ்சினை நாலு ஷெட் வண்ணத்தில் வாங்கி அடுக்கினால் அலமாரி நிறைந்துவிடும். அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு இதே நிறைவை வேகனே தந்துவிடுகிறது. அங்கே ரயில்வே கம்பெனிகள் பல. சாண்டா ஃபே, பென்சில்வேனியா என்று ஒவ்வொன்றும் தன் முத்திரையை வேகன் பக்கவாட்டில் பெரிதாக எழுதிக்கொண்டது. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள்கூடச் சொந்த வேகன் வைத்துப் பெயர் எழுதினார்கள். அதனால் அந்த நாடுகளில் வேகன் சேர்ப்பது தனி மரபாகவே வளர்ந்தது. இங்கே எல்லாம் ஒரே ரயில்வே. ஒரு வேகன் காவிச் சிவப்பு என்றால் அடுத்ததும் காவிச் சிவப்பு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதில் சேர்க்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

கிட்டே போய்ப் பார்த்தால் கதை வேறு. நம் வேகனின் பக்கவாட்டில் 11 இலக்க எண் ஒன்று வெள்ளையில் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை: 10 முதல் 29 வரை திறந்த வேகன், 30 முதல் 39 வரை மூடிய வேகன், 40 முதல் 54 வரை டேங்க் வேகன். அடுத்த இரண்டு எந்த ரயில்வே மண்டலத்துக்குச் சொந்தம் என்று சொல்லும். அதற்கடுத்த இரண்டு, கட்டிய ஆண்டு. பிறகு நாலு இலக்கம் வரிசை எண். கடைசி இலக்கம் முந்தைய பத்தும் சரிதானா என்று சோதிக்க வைத்தது; மாதிரி வேகனில் வாய்க்கு வந்த எண்ணை எழுதினால் கணக்குத் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். எண்ணுக்குப் பக்கத்தில் வெற்று எடை, ஏற்றக்கூடிய எடை, கடைசியாக எந்த ஒர்க்ஷாப்பில் முழுப் பராமரிப்பு நடந்தது, அடுத்து எப்போது திரும்ப வேண்டும் என்ற தேதிகள் இருக்கும். எஞ்சின் எத்தனை தூரம் போனாலும் தன் ஷெட்டுக்குத் திரும்பும். வேகன் அப்படியல்ல. எந்த மண்டலத்தின் பெயரைச் சுமந்தாலும் நாடு முழுவதும் பொதுவில் சுற்றுவது அது. பஞ்சாப்பில் கோதுமை ஏற்றிய வேகன் அடுத்த மாதம் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காவிச் சிவப்புக்கு அடியில் ஒவ்வொரு வேகனுக்கும் தனிச் சரித்திரம் இருக்கிறது.

நாகர்கோவிலுக்கு வரும் வேகன் நம்முடைய சரித்திரத்தையும் சேர்த்துச் சுமந்து வருகிறது. இங்கே ரேக்குகளில், அதாவது ஒன்றாகக் கோத்து ஓட்டும் வேகன் வரிசைகளில், வந்து இறங்கும் சரக்குகளில் அரிசி, கோதுமை, சிமெண்டு, உரம் ஆகியவை முக்கியமானவை. ரேஷன் அரிசி இறங்கி லாரியேறி, பள்ளிவிளையில் உள்ள இந்திய உணவுக் கழகக் கிடங்குக்குப் போகிறது. நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே நெற்களஞ்சியமாக இருந்தவை. அந்த வயல்களுக்குத் தண்ணீர் உறுதிசெய்யவே பேச்சிப்பாறை அணை கட்டி 1906இல் முடித்தார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் விளைந்து, தன் தேவை போக வடக்கே திருவனந்தபுரத்துக்கு நெல் அனுப்பிய நாடு இது. அந்தக் காலத்தில் இங்கே ரயில் இல்லை. ரயில் வந்த பிறகு பார்த்தால் வயல்கள் வாழையாகவும் தென்னையாகவும் வீட்டுமனையாகவும் மாறிக்கொண்டிருந்தன. இன்று 21 மூடிய வேகன் கொண்ட அரை ரேக் ஒன்று வந்தால் அதில் சுமார் 1,300 டன் அரிசி இருக்கும். நாஞ்சில் நாட்டுக்கு அரிசி வெளியிலிருந்து வருகிறது. வாழைக்குலையும் தேங்காயும் ரப்பரும் பெரும்பாலும் லாரியில் போய்விடுவதால், யார்டில் ஏற்றும் ரேக்கைவிட இறக்கும் ரேக்கே கண்ணில் படுகிறது. எனக்கு இது மனம் கனக்கும் விஷயம். எந்த எஞ்சினை எவ்வளவு நுணுக்கமாகச் செய்து வைத்தாலும் அது இதைச் சொல்லாது. பி.சி.என்.ஏ. வகை மூடிய வேகன் 21 வரிசையாக நின்று, கதவு திறந்து, மூட்டைகளும் லோடுமேன்களும் லாரி வரிசையும் பக்கத்தில் இருந்தால், நாகர்கோவிலை அறிந்தவர் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

வேகன் வைத்திருப்பவருக்கு மேசையில் வேலையும் இருக்கிறது. எஞ்சின் அலமாரியில் நின்றாலே போதும். ஓட்டினாலும் வட்டம் சுற்றிவிட்டு நிற்கும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாதிரி வேகனுக்கும் ஓர் அட்டை போட்டு, எங்கிருந்து எங்கே என்ன சரக்கு என்று சீட்டு செருகி, அசல் யார்டுபோலவே பிரித்துக் கோத்து ஓட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நம் ஊருக்கு அதை எளிதாகப் பொருத்தலாம். நிறைந்த ரேக் ஆரல்வாய்மொழி, தோவாளை வழியாக உள்ளே வர வேண்டும், பயணி வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும், கூட்ஸ் ஷெட்டில் காலியாக வேண்டும், காலி ரேக்காக வெளியே போக வேண்டும். ஒரு மாலை முழுவதும் போய்விடும்.

செய்நேர்த்தியிலும் வேகனுக்கே சாதகம். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ.; ஐரோப்பா, அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு கேஜ். நம் பிராட்கேஜ் 1,676 மி.மீ. அதற்கு 19 மி.மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். என்-ஸ்கேலின் 9 மி.மீ. தண்டவாளத்துக்கும் இதே குறைதான். எஞ்சினை எல்லோரும் முகத்துக்கு நேராகப் பார்க்கிறார்கள். டபிள்யூ.ஏ.பி.7 போன்ற அகன்ற முகமுள்ள மின்சார எஞ்சின் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் நிற்பது, பெரிய பானையைச் சின்னப் பிரிமணைமேல் வைத்ததுபோல் இருக்கும். சிலர் தண்டவாளத்தை வைத்துக்கொண்டு எஞ்சினை 100இல் ஒரு பங்குக்குச் சுருக்குகிறார்கள். கேஜ் சரியாகிவிடும், ஆனால் அலமாரியில் இருக்கும் மற்ற எச்ஓ வண்டிகளோடும் வீடுகளோடும் அது சேராது. வேகன் ரேக்கையோ நாம் பக்கவாட்டில்தான் பார்க்கிறோம். மூன்று மி.மீ. குறை சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது.

உதிரி பாகங்களைப் பாருங்கள். நம் வேகன்களைத் தாங்கும் சக்கரச் சட்டமான காஸ்நப் போகி, அமெரிக்கச் சரக்கு வேகனின் மூன்று துண்டு வார்ப்பெஃகு போகியின் உறவுதான். இரண்டு வேகனைக் கோக்கும் நடு கப்ளரும் அமெரிக்க வகை. அதனால் அமெரிக்க மாடல் போகியையும், கேடி கம்பெனியின் கப்ளரையும் வாங்கி, சன்போர்டிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ உடம்பு கட்டினால் பொய் சொல்லாத இந்திய வேகன் வந்துவிடும். 3டி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் கிடைத்தால் இன்னும் எளிது. எஞ்சினுக்கு இந்த வழி பாதிதான் திறந்திருக்கிறது. டபிள்யூ.டி.எம்.2வுக்கு ஆல்கோ மாடல்களின் ஆறு சக்கர போகி உதவும். மேலே உள்ள உடம்பு, ஜன்னல், கிரில், முகப்பு எல்லாம் கையால் செய்ய வேண்டும். உள்ளே 12 வோல்ட் மோட்டார், பல்சக்கரம், சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடு எல்லாம் பிசகாமல் உட்கார வேண்டும். பல ஆயிரம் ரூபாய் போட்டு இறக்குமதி எஞ்சினை வாங்கி, அதன் உடம்பைக் கழற்றி எறியும் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

நம் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த முனை இது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் தண்டவாளத்தில் படலம் பிடிக்கும், சக்கரம் மின்சாரம் எடுக்காது, எஞ்சின் திக்கித்திக்கி நிற்கும். என்-ஸ்கேல் எஞ்சின் எடை குறைந்தது என்பதால் அதற்கு இது இன்னும் மோசம். பழைய எஞ்சின் வாங்குபவர்கள் துத்தநாக வார்ப்பைக் கவனிக்க வேண்டும். ஈயம் கலந்த கலப்படத் துத்தநாகத்தில் வார்த்த அடிச்சட்டம், குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது, உள்ளேயே விரிந்து, வெடித்து, கடைசியில் பொடியாகிவிடும். ஈரக்காற்று அதை விரைவுபடுத்தும். பிளாஸ்டிக் வேகனுக்கு இந்த நோய் இல்லை. உள்ளே வைத்த இரும்பு எடை துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடித்துவிட்டால் போதும்.

இனி அளவு. எஞ்சின் சேர்ப்பவருக்கு எச்ஓ-ஸ்கேல்தான் சரி. டபிள்யூ.ஏ.பி.7 எச்ஓவில் 23 செ.மீட்டருக்குச் சற்று அதிகம். கையில் எடுத்தால் கனம் தெரியும், ஷெட் பெயரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கலாம். 1998 ஏப்ரல் 1இல் புனேயில் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகமும் எச்ஓவில்தான் இருக்கிறது. அது அருங்காட்சியகம், இடம் இருக்கிறது. வேகனுக்கு நீளமே உயிர். பி.சி.என்.ஏ. வேகன் ஒன்று 14.45 மீட்டர். 21 வேகனும் எஞ்சினும் சேர்ந்தால் அசலில் 324 மீட்டர், எச்ஓவில் 3.7 மீட்டர், என்-ஸ்கேலில் 2 மீட்டர். பன்னிரண்டடி மேசையில் எச்ஓ அரை ரேக் முழுதாக அடங்கவே அடங்காது, பிறகு நகர ஏது இடம்? என்-ஸ்கேலில் அதே ரேக் வந்து நின்று, பிரிந்து, திரும்பிப் போக இடம் மிஞ்சும். எடையும் அப்படியே. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைப்படி இந்த வேகன் எச்ஓவில் 120 கிராம் அளவும், என்-ஸ்கேலில் 30 கிராம் அளவும் இருக்க வேண்டும். 21 வேகனுக்கு ஒன்று இரண்டரைக் கிலோ, மற்றது அறுநூறு கிராம் சொச்சம். ஆரல்வாய்மொழி அருகிலுள்ள முப்பந்தல் காற்றாலையைப் பின்னணியில் வைக்க விரும்புவோர்க்கு ஒரு தகவல்: 50 மீட்டர் கோபுரம் எச்ஓவில் இரண்டடியை நெருங்கும், என்-ஸ்கேலில் ஓரடிதான்.

இங்கே வேகனுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. மேலே சொன்ன 11 இலக்கமும் தேதிகளும் என்-ஸ்கேலில் கண்ணுக்கு எட்டாத அளவுக்குச் சிறுத்துவிடும். நீளத்துக்காக என்-ஸ்கேல் போனால் எழுத்து போகிறது. எழுத்துக்காக எச்ஓ போனால் ரேக் போகிறது. நான் ரேக் பக்கம் நிற்பேன். ஒற்றை வேகன் அரிசி வந்த கதையைச் சொல்லாது, வரிசைதான் சொல்லும். 21 வேகனை என்-ஸ்கேலில் செய்து ஓட்டுங்கள். 22ஆவதாக ஒன்றை மட்டும் எச்ஓவில் கட்டி, நாகர்கோவில் பிளாட்பாரத்திலிருந்து பார்த்துக் குறித்துவந்த அசல் எண்ணையும் தேதிகளையும் அதில் ஒன்றுவிடாமல் எழுதி, படிப்பதற்கென்றே தனியாக வையுங்கள். எஞ்சின் ஒன்று போதும்: பச்சை வண்ண டபிள்யூ.ஏ.ஜி.9 சரக்கு எஞ்சின். ஷெட் பெயரை ஊகித்து எழுத வேண்டாம். அடுத்த அரிசி ரேக்கை இழுத்துவரும் எஞ்சினில் என்ன எழுதியிருக்கிறதோ, அதையே எழுதிக்கொள்ளலாம்.