கோர்ஃப் கோட்டை

கோர்ஃப் கோட்டை இங்கிலாந்தின் தென்பகுதியில், டோர்செட் மாவட்டத்தின் பர்பெக் குடாநாட்டில் அமைந்துள்ள இடிந்த கோட்டை ஆகும். ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுள்ள குன்றின் மீது இது அமைந்துள்ளது. இயற்கைச் சீற்றத்தாலோ காலத்தின் தேய்மானத்தாலோ இது இடிந்துவிடவில்லை. 1646 ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தின் ஆணைப்படி வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. தற்போது இது நேசனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் உள்ளது. குளிர்காலத்தில் ஒருநாள் பயணமாகச் சென்றுவரத்தக்க வரலாற்று இடங்களுள் இதுவும் ஒன்று.

பெயரும் அமைவிடமும்

கோர்ஃப் என்னும் பெயர் "வெட்டுதல்" எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லில் இருந்து தோன்றியது. பர்பெக் குன்றுத்தொடரை இரு சிற்றாறுகள் அறுத்து, நடுவே ஒரு குன்றைத் தனித்து நிற்கச் செய்துள்ளன. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையிலான வழி இவ்விடைவெளியினூடாகவே செல்கிறது. எனவே குன்றைக் கைக்கொண்டவர் வழியையும் கைக்கொண்டவர் ஆனார். கோட்டை உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டது.

வரலாறு

கோட்டை எழும் முன்பே இவ்விடம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. 978 இல் இளம் மன்னர் எட்வர்டு கோர்ஃபில் கொலை செய்யப்பட்டார். அவருடைய மாற்றாந்தாய் தன் மகன் எத்தல்ரெட்டை அரியணையில் அமர்த்துவதற்காக இக்கொலையைச் செய்வித்தார் எனப் பிற்காலக் கதைகள் கூறுகின்றன. எட்வர்டு பின்னர் புனிதராகவும் மறைசாட்சியாகவும் போற்றப்பட்டார்.

1066 இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பின், முதலாம் வில்லியம் இங்கு கோட்டை அமைத்தார். அக்காலக் கோட்டைகளுட் பல மண்மேடும் மரவேலியும் கொண்டவையாக இருக்க, இங்கு தொடக்கத்திலேயே கல்மதில் எழுப்பப்பட்டது. முதலாம் என்றியின் காலத்தில், 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 21 மீட்டர் உயரமுள்ள மையக் கோபுரம் கட்டப்பட்டது. 1139 இல் மன்னர் ஸ்டீபன் கோட்டையை முற்றுகையிட்டும் கைப்பற்ற இயலவில்லை.

மன்னர் ஜான் இக்கோட்டையை மாளிகையாகவும் சிறையாகவும் பயன்படுத்தினார். 1202 இல் பிரான்சில் பிடிபட்ட வீரர்களுள் 22 பேர் இங்கு பட்டினியால் இறந்தனர் என அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. மூன்றாம் என்றி 1244 இல் மையக் கோபுரத்துக்கு வெள்ளையடிக்க ஆணையிட்டார். இன்று சாம்பல் நிறமாகக் காணப்படும் கோபுரம் ஒரு காலத்தில் தொலைவிலிருந்தே வெண்மையாகத் தெரிந்திருக்கும். 1572 இல் முதலாம் எலிசபெத் கோட்டையைக் கிறிஸ்டோபர் ஹாட்டனுக்கு விற்றார். 1635 இல் அதனை ஜான் பேங்க்ஸ் வாங்கினார்.

மேரி பேங்க்சும் முற்றுகைகளும்

1642 இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஜான் பேங்க்ஸ் அரசர் பக்கம் நின்றார். அவர் அரசருடன் இருந்தமையால், கோட்டையைக் காக்கும் பொறுப்பு அவர் மனைவி மேரி பேங்க்சிடம் வந்தது. 1643 இல் நாடாளுமன்றப் படையினர் பல நூறு பேர் ஆறு வாரங்கள் முற்றுகையிட்டனர். உள்ளே இருந்தோர் ஏறத்தாழ 80 பேர் மட்டுமே. எனினும் முற்றுகை தோல்வியுற்றது.

1645 இல் இரண்டாவது முற்றுகை தொடங்கியது. அதற்கு முன் 1644 இல் கணவர் இறந்துவிட்டமையால் மேரி கைம்பெண்ணாக இருந்தார். இம்முறை மதில்கள் தோற்கவில்லை. உள்ளிருந்த அதிகாரி ஒருவர், துணைப்படை எனக் கூறி மாறுவேடமிட்ட எதிரிகளை உள்ளே அழைத்து வந்ததால், 1646 பெப்ரவரியில் கோட்டை வீழ்ந்தது. மேரியின் துணிவை மதித்துக் கோட்டைச் சாவிகளை வைத்துக்கொள்ள எதிரிகள் அனுமதித்தனர் எனக் கூறப்படுகிறது. அச்சாவிகள், பேங்க்ஸ் குடும்பத்தினர் பின்னர் கட்டிய கிங்ஸ்டன் லேசி மாளிகையில் காட்சிக்கு உள்ளன.

தகர்ப்பும் பாதுகாப்பும்

கோட்டை மீண்டும் அரசர் கட்சியினருக்கு அரணாகாதிருக்க, நாடாளுமன்றம் அதனைத் தகர்க்க முடிவு செய்தது. சுவர்களின் அடியில் குழி தோண்டி வெடிமருந்து வைக்கப்பட்டது. தென்மேற்கு வாயிற்கோபுரம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி சில மீட்டர் கீழே சரிந்தும் விழாது நிற்பதை இன்றும் காணலாம். சிதறிய கற்களைக் கொண்டு ஊர் மக்கள் வீடுகள் கட்டினர். 1981 இல் பேங்க்ஸ் குடும்பத்தின் ரால்ஃப் பேங்க்ஸ் தம் விருப்ப ஆவணம் வழியாகக் கோட்டையை நேசனல் டிரஸ்டுக்கு அளித்தார். இடிந்து விழும் அபாயத்தால் 2006 இல் மூடப்பட்ட மையக் கோபுரம், சீரமைப்புக்குப் பின் 2008 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

குளிர்காலப் பயணம்

இலண்டனில் இருந்து கோட்டை சாலை வழியாக ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் உள்ளது. மகிழுந்தில் வருவோர் வேரம் நகரைக் கடந்து, சுவானேச் செல்லும் ஏ351 சாலையில் வரவேண்டும். இச்சாலை குன்றின் அடிவாரத்தையொட்டியே செல்கிறது. வண்டி நிறுத்துமிடம் கீழே உள்ளதால் அங்கிருந்து மேட்டில் நடந்தே ஏறவேண்டும்.

டிசம்பர் மாதத்தில் இங்கு பகற்பொழுது ஏறத்தாழ எட்டு மணி நேரமே. மாலை நான்கு மணியளவில் கதிரவன் மறைந்துவிடுவதால் காலையிலேயே புறப்படுதல் நன்று. காற்றில்லாத தெளிந்த இரவுக்குப் பின், குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி மூடுபனி உண்டாகும். அவ்வேளையில் அருகிலுள்ள மேற்குக் குன்றில் இருந்து நோக்கினால் கோட்டை பனிக்கடலின் மீது மிதப்பது போல் தோன்றும். அதே குளிரில் சாலையில் எளிதில் புலப்படாத பனிக்கட்டிப் படலம் படியக்கூடும் என்பதால் வண்டியை மெதுவாக ஓட்டுதல் வேண்டும். ஈரமான புல்லும் கல்லும் வழுக்கும். பலத்த காற்று வீசும் நாட்களில் கோட்டை மூடப்படலாம் என்பதால், புறப்படும் முன் திறப்பு நேரத்தை அறிந்துகொள்வது பயனுடையது.