சயாமிலிருந்து திரும்பியவர்கள்

போரில் கை இழந்தவரையும் கால் இழந்தவரையும் நாம் பார்த்தவுடன் அறிந்துகொள்கிறோம். உடம்பு முழுதாக இருந்தும் உள்ளம் உடைந்து வீடு வந்தவரை அப்படி அறிந்துகொள்வதில்லை. அத்தகையோர் நம்முடைய தோட்டத்து லயங்களிலேயே வாழ்ந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறோம்.

1942 ஜனவரியில் கோலாலம்பூரும் பிப்ரவரியில் சிங்கப்பூரும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. ரப்பர் வாங்க ஆளில்லை. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டாலும் வேலை இல்லை. அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. அந்த நேரத்தில்தான் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு இரயில் பாதை போடத் தொடங்கினார்கள். 415 கிலோமீட்டர் நீளம். மலையும் காடும் ஆறும் நிறைந்த வழி. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. ஓராண்டும் சில மாதங்களும்தான்!

அங்கே இரு வகை மனிதர் வேலை செய்தார்கள். ஒரு சாரார் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள், அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். மறு சாரார் ஆசியத் தொழிலாளர். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். இவர்களில் மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாதத்து வேலை என்ற பேச்சை நம்பிச் சிலர் போனார்கள். பலரை வழியில் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். பெண்டு பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு.

போர்க்கைதிகள் பட்ட பாடு கொடியது. அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனாலும் அவர்களுக்குச் சொந்தப் படை மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்கவும், நோயாளியைத் தனியே கிடத்தவும் கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அப்படி ஒருவருமில்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். காஞ்சனபுரியில் இன்று சீராக வரிசையிட்ட ஏறத்தாழ 7,000 போர்வீரர் கல்லறைகளைக் காணலாம். ஒவ்வொன்றிலும் கல் உண்டு. நம்மவர் பெரும்பாலோருக்கு பெயர்ப்பட்டியல்கூட இல்லை.

சரி, பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்?

1945இல் போர் முடிந்து பிரிட்டிஷ் கைதிகள் ஊர் திரும்பியபோது, அவர்களுடைய அரசு ஒரு காரியம் செய்தது. நெடுநாள் சிறையிருந்தவன் நேரே வீட்டுக்குப் போனால் அவனும் வாழ முடியாது, வீட்டாரும் வாழ முடியாது என்று மனநோய் மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அதன்படி மறுவாழ்வு நிலையங்கள் திறக்கப்பட்டன. விரும்பியவர் சில வாரம் தங்கலாம், தம்மைப்போல் பட்டவர்களோடு உட்கார்ந்து பேசலாம், தொழில் பழகலாம். கீழ்த்திசையில் சிறையிருந்தவர்களில் 4,500 பேர் இவற்றுக்குப் போனதாகக் கணக்கு. அது போதவில்லை என்பதும் உண்மைதான். லிவர்பூல் நகரத்து வெப்பமண்டல நோய் மருத்துவர்கள் அவர்களைப் பல ஆண்டுகள் பரிசோதித்து வந்தார்கள். நாற்பதாண்டு கழித்தும் கெட்ட கனவும் திடுக்கிடலும் பலரை விடவில்லை என்று கண்டார்கள்.

அதே தண்டவாளத்துக்குக் கட்டை சுமந்த நம்மவர் கிள்ளானுக்கும் காஜாங்குக்கும் திரும்பினார்கள். விடியற்காலையில் பிரட்டு, கையில் பால்வெட்டும் கத்தி. அவ்வளவுதான். காய்ச்சலுக்குக் கொய்னாவும் புண்ணுக்குக் கட்டும் தோட்டத்து டிரெசரிடம் கிடைத்தன. இரவில் அலறி எழுவதற்கு அவரிடம் மருந்தில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யாரும் அதைக் கற்பிக்கவில்லை.

இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் தோட்டத்து இளைஞர் பலர் சீருடை அணிந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் போன்றவர்கள் போருக்குப் பின் பொதுவாழ்வில் பெயர் பெற்றார்கள். சாதாரணச் சிப்பாயோ மறுபடி மரத்தடிக்கே வந்தான். ஆண்ட பிரிட்டிஷாருக்கு அவன் முன்னாள் படைவீரன் அல்லன், கலகக்காரன். ஆகவே ஓய்வூதியமும் இல்லை, வைத்தியமும் இல்லை.

இந்த நோய் என்னதான் செய்கிறது? ஆபத்து வரும்போது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள விழித்து நிற்கும். ஆபத்து நீங்கினால் அடங்கும். நீண்ட நாள் சாவின் பக்கத்தில் இருந்தவருக்குச் சில வேளை அந்த விழிப்பு அடங்குவதில்லை. ஒரு சத்தம், ஒரு நாற்றம், மழை, இவை போதும். மனம் பழைய இடத்துக்கே போய்விடும். முதல் உலகப் போரில் 1915 வாக்கில் இதைக் குண்டதிர்ச்சி என்றார்கள். அந்தப் போரில் ஓடிப்போனவர், கோழை என்று பிரிட்டிஷார் சுட்டுக்கொன்ற தம் படைவீரர் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகளோ! 1980இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. நம் தாத்தாக்களில் அநேகர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

லயத்தில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. காத்துக் கருப்பு என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள். சிலர் கள்ளுக்கடையைத் தேடினார்கள். குடித்தால் அன்றிரவு தூக்கம் வரும். நாளடைவில் நோய் முற்றும். ஆஸ்பத்திரி என்றால் பேராக்கில் 1911இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான்தான். சிலாங்கூரிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தொலைவு. அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்ட பிறகு யார் போவார்கள்? பொது மருத்துவமனையில் மனநோய்ப் பிரிவு முதன்முதலில் 1958இல் பினாங்கில்தான் வந்தது.

நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் ஒரு முதியவர் இருந்தார். சயாம் தாத்தா என்போம். இராத்திரி பெருமழை பிடித்தால் அவர் படுக்கமாட்டார். அஞ்சடியில் குந்தி விடிய விடிய மழையையே பார்த்துக்கொண்டிருப்பார். தலைமாட்டில் ஒரு பால் டின்னில் எப்போதும் இரண்டு பிடி அரிசி வைத்திருப்பார். அந்த டின்னை ஒளித்துவைத்து அவர் தேடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பெரியவர்களும் எங்களைத் தடுக்கவில்லை. அவர் எந்த மருத்துவரையும் பார்த்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

இன்று நிலைமை வேறு. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கச் சுகாதார நிலையத்தில், அதாவது கிளினிக் கெசிஹாத்தானில், தூக்கமில்லை, கெட்ட கனவு வருகிறது என்று சொன்னாலே கேட்பார்கள். தேவையானால் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். நம் பிள்ளைகளில் இராணுவத்தில் பணிபுரிந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும், விபத்தோ அடிதடியோ கண்டு மனம் கலங்கியவர்களுக்கும் இதே நோய் வரலாம். பட்டதைப் பயிற்சி பெற்றவரிடம் சிறிது சிறிதாகப் பேசுவதும், வேண்டியபோது மாத்திரையும்தான் வைத்தியம். 15555 என்ற எண்ணில் சுகாதார அமைச்சின் தொலைபேசி உதவியும் இருக்கிறது. நோயாளி தானாகப் போகத் தயங்குவார். வீட்டார் ஒருவர் கூடப் போவது நல்லது. மலாய் சரளமாக வராத முதியவர் என்றால், என்ன நடக்கிறது, எத்தனை நாளாக நடக்கிறது என்று முன்னதாகவே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.